கம்பிக்குள் புகுந்த வாயு

சாம்பல் நிறக் கால்சியம் ஹைட்ரைடு துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால், குலுக்கித் திறந்த சோடா பாட்டில்போலப் பொங்கிச் சீறும். ஒரு கிராமிலிருந்து ஒரு லிட்டருக்கும் மேல் ஹைட்ரஜன் கிடைக்கும். அதில் பாதி துண்டிலிருந்து வந்தது, மீதி தண்ணீரிலிருந்து. பலூன் நிரப்ப ஒரு காலத்தில் இந்த ஹைட்ரைடைத்தான் சுமந்துபோனார்கள்.

அமிலத்தில் எலக்ட்ரானை இழந்து நிற்கும் ஹைட்ரஜன், எலக்ட்ரானைத் தாராளமாகத் தரும் கால்சியம், லித்தியம் போன்ற உலோகங்களிடம் வந்தால் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. 1920இல் மோயர்ஸ் என்பவர் லித்தியம் ஹைட்ரைடை உருக்கி மின்சாரம் செலுத்தினார். வழக்கமாக எதிர்மின்வாயில் வரும் வாயு, நேர்மின்வாயில் வந்தது!

ஹைட்ரஜன் அலுமினியத்தோடு சேரும்போது பிடுங்கலும் இல்லை, இழப்பும் இல்லை. இரண்டு அலுமினிய அணுக்களுக்கு நடுவே பாலமாக நின்று எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்கிறது. சகப்பிணைப்பு வகை.

எனக்குப் பிடித்தது பல்லேடியம். லண்டன் நாணயச் சாலையின் தலைவராக இருந்த தாமஸ் கிரஹாம், இந்த உலோகம் தன் கன அளவைப்போல 900 மடங்கு வரை ஹைட்ரஜனை விழுங்குவதை 1860களில் கண்டார். வாயு மூலக்கூறு உலோகப் பரப்பில் இரண்டாகப் பிரிந்து, ஒற்றை அணுக்களாக உள்ளே போய் இடுக்குகளில் உட்காருகிறது. அறை வெப்பத்தில் ஒரு பல்லேடிய அணுவுக்கு ஏறத்தாழ 0.7 ஹைட்ரஜன் அணு. முழு எண் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. உலோகமோ உலோகமாகவே இருக்கிறது: பளபளப்பு போகவில்லை, மின்சாரமும் கடத்துகிறது. ஹைட்ரஜனும் ஓர் உலோகத்தின் ஆவிதான் என்று நம்பிய கிரஹாம், அதற்கு ‘ஹைட்ரஜீனியம்’ என்று பெயரே வைத்துவிட்டார்.

அவர் ஒரு பல்லேடியக் கம்பியை அளந்தார்: 609 மில்லிமீட்டர். ஹைட்ரஜன் ஏறியதும் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் நீண்டது. வாயுவை வெளியேற்றியபின் பழைய நீளத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அதைவிடவும் 10 மில்லிமீட்டர் குறைந்துபோனது.

பல்லேடியம் விலை அதிகம். 1960களின் இறுதியில் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாந்தனம்–நிக்கல் கலவை அதே வேலையைச் செய்வது தெரியவந்தது. திரவ ஹைட்ரஜனைவிட நெருக்கமாக ஹைட்ரஜனை அடைத்துவைக்கும். கேமராவில் போடும் ரீசார்ஜபிள் பேட்டரியில் ‘நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு’ என்றிருந்தால் உள்ளே இருப்பது இதன் வாரிசு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் உள்ளே, இறங்கும்போது வெளியே. கிரஹாமின் கம்பியைப் போலவே இதுவும் உப்பிச் சுருங்கி, நாளடைவில் பொடியாக உதிர்கிறது. அந்த உப்பலைக் குறைக்கத்தான் நிக்கலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கோபால்ட் சேர்க்கிறார்கள்.