பிள்ளை அழுவது பால் பத்தாமல்தானா? முதல் ஆறு கிழமை பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்த முதல் நாள் வீடு திருவிழா மாதிரி இருக்கும். இஸ்தோப்பு நிறைய ஆட்கள். சுற்றிப்போட ஒருவர், சுடுதண்ணி வைக்க ஒருவர், "அப்பன் மூக்கு அப்படியே இருக்கு" என்று சொல்லப் பத்துப் பேர். மூன்றாம் நாள் எல்லோரும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு ராத்திரிதான் பிள்ளை உண்மையாக அழ ஆரம்பிக்கும்.

லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் அது ஒரு வீட்டு விஷயமாக இருப்பதில்லை. சுவர் கூரையை முட்டாத பழைய லயங்களில் தொங்கல் வீடு வரைக்கும் கேட்கும். விடியமுன் எழும்பி ரொட்டி சுட்டு மலைக்குப் போக வேண்டியவர்கள் எல்லோரும் முழித்துக் கிடப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும்: "புள்ள பசியில கத்துது. அவளுக்குப் பாலு பத்தல போல."

இந்த ஒரு வார்த்தை செய்கிற சேதத்தை நாங்கள் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். ஒரு வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறோம். ஆள், தோட்டம் எதுவும் வேண்டாம்.

தலைப்பிள்ளை. 2.3 கிலோ எடையில் பிறந்த ஆண்பிள்ளை. நாலாம் ராத்திரி விடாமல் அழுதது. விடிந்ததும் தகப்பன் கடைக்கு ஓடிக் கடனுக்குப் பால்மா வாங்கி வந்தார். பெட்டி சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று ஒரு போத்தல் தண்ணிக்கு ஒரு கரண்டி மா. வயிறு தண்ணியால் நிறைந்தது, பிள்ளை தூங்கியது. "பாத்தீங்களா, பசிதான்" என்றார்கள். போத்தலில் குடித்த பிள்ளை மார்பில் குறைவாகச் சப்பியது. சப்பாத மார்பில் பால் குறைந்தது. பால் குறைந்ததால் இன்னொரு போத்தல். பதினோராம் நாள் மருத்துவமாது வந்து தராசில் போட்டபோது 2 கிலோதான் இருந்தது. பிறந்தபோது இருந்த எடைகூட இல்லை. தாய் மூலையில் உட்கார்ந்து, "என் ஒடம்புல பால் இல்லம்மா" என்று அழுதார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பீய்ச்சிய பாலைக் கோப்பையால் கொடுக்கவும், மறுபடி மார்பில் போட்டுப் பழக்கவும் தாதிமார் காட்டிக் கொடுத்தார்கள். ஆறு கிழமை முடியும்போது பிள்ளை 2.9 கிலோ. இந்த வீட்டில் காலம் தவறவில்லை. இன்னும் நாலு நாள் போயிருந்தால் இந்தக் கதையை நாங்கள் வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்.

சரி, உண்மையில் பால் எப்படி வருகிறது? முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சில கரண்டி அளவுதான் இருக்கும். "பழைய பால்" என்று பீய்ச்சி ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறந்த அன்று பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்குத் தேக்கரண்டி அளவுக்கு மேல் கேட்பதில்லை. அதற்குச் சீம்பால் போதும். நோயைத் தடுக்கும் சக்தியும் அதில்தான் நிறைய இருக்கிறது. மூன்றாம் நாலாம் நாள்போல் மார்பு கனத்து வெள்ளைப் பால் இறங்கும். அதுவரை சீனித்தண்ணி, சேனை, கொத்தமல்லித் தண்ணி ஒன்றும் வேண்டாம்.

பால் இறங்கின பிறகு கணக்கு ஒன்றுதான்: குடிக்கக் குடிக்கச் சுரக்கும். கொழுந்து எடுக்க எடுக்கத்தானே தளிர் விடுகிறது, எடுக்காத செடி முற்றி நின்றுவிடுகிறது. அது மாதிரித்தான். ஒரு நாள் ஒரு ராத்திரிக்குள் 8 முதல் 12 தடவை பிள்ளை குடிக்கும். இரண்டு மணிக்கொருதரம் கேட்கிறது என்றால் பால் பத்தவில்லை என்று அர்த்தம் இல்லை, அதுதான் வழக்கம். ராத்திரிப் பாலை நிறுத்த வேண்டாம், சுரப்பை வளர்ப்பதே அதுதான். வாயில் காம்பு மட்டும் போனால் காம்பு வெடிக்கும், பாலும் வராது. காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போகவேண்டும், பிள்ளையின் தாடை மார்பைத் தொடவேண்டும். வலிக்கிறது என்றால் விரலை வாயோரம் வைத்து எடுத்து மறுபடி போடுங்கள். இதைக் கண்ணால் பார்த்துக் கற்பதுதான் சுலபம். மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது வெட்கப்படாமல் கேளுங்கள்.

பால் போதுமா என்று தெரிந்துகொள்ள அழுகையைப் பார்க்காதீர்கள். துணியைப் பாருங்கள். ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால் பால் போகிறது. பிறகு தராசைப் பாருங்கள். முதல் சில நாளில் எல்லாப் பிள்ளைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். இரண்டு கிழமைக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். துணி நனையவில்லை, எடை ஏறவில்லை என்றால் அது பயப்பட வேண்டிய விஷயம். அப்போதும் போக வேண்டிய இடம் கிளினிக், கடை அல்ல. வீட்டில் பெரியவர்கள் குடிக்கிற பால்மா ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஏற்றதே இல்லை.

அப்படியானால் வயிறு நிறைந்த பிள்ளை ஏன் அழுகிறது? பல பிள்ளைகளுக்கு இரண்டாம் கிழமையிலிருந்து அழுகை கூடும். ஆறாம் கிழமையில் உச்சத்துக்குப் போகும். மூன்று நாலு மாதத்தில் தானாகக் குறையும். பொழுதுசாயும் நேரத்தில்தான் அதிகம், அதாவது எல்லோரும் களைத்து வருகிற நேரத்தில். பால் கொடுத்துப் பாருங்கள், துணி மாற்றிப் பாருங்கள், தோளில் போட்டு முதுகைத் தட்டுங்கள், இஸ்தோப்பில் நடந்து பாருங்கள். ஒன்றுக்கும் அடங்காமல் ஒரு மணி நேரம் அழுகிற நாளும் வரும். அது தாயின் குற்றம் இல்லை.

அந்த நேரத்தில் சிலருக்குக் கோபம் தலைக்கேறும். வெட்கப்பட ஒன்றுமில்லை, தூக்கமில்லாத மனிதர்தானே. ஆனால் பிள்ளையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. பிஞ்சுத் தலைக்குள் மூளை அடிபட்டு உயிர் போகலாம், கண் போகலாம். பிள்ளையை மல்லாத்திப் பத்திரமாகக் கிடத்திவிட்டு வாசலில் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள், அல்லது பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். லயத்துச் சுவரால் தொல்லை மட்டும்தான் என்றில்லை, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்பதும் உண்மை. "பாலு பத்தல" என்று சொல்வதற்குப் பதிலாக, "கொண்டா, நான் ஒரு மணி நேரம் வச்சிருக்கேன், நீ தூங்கு" என்று சொல்கிற அக்கா ஒருவர் ஒரு பெட்டி பால்மாவை விட மேல்.

இனித் தாய். வீட்டுப் பெரியவர்கள் கோபிக்காமல் கேட்கவேண்டும். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், கருவாடு எல்லாம் நல்லதுதான், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துப்போகும்" என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணியைக் குறைப்பது தவறு. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும். தாகத்துக்குக் கொதித்தாறிய தண்ணி வேண்டும். கீரை, பருப்பு, முட்டை, பழம் எல்லாம் சாப்பிடலாம். கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா தாய்க்கென்று தருவது. வீடு முழுக்கப் பகிர்ந்து, கடைசியில் தாய்க்கு ஒரு உருண்டை என்று ஆகிவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரையையும் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டாம்.

மூன்றாம் நாலாம் நாள் தாய்க்குக் காரணமில்லாமல் அழுகை வருவது உண்டு. பலருக்குச் சில நாளில் தெளிந்துவிடும். இரண்டு கிழமைக்குப் பிறகும் சோறு இறங்கவில்லை, பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் இல்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போல் இருக்கிறது என்றால் அது வீண் பிடிவாதமும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை. அது மருந்தும் துணையும் உள்ள ஒரு நோய். கயிறு கட்டுவதென்றால் கட்டுங்கள், ஆனால் மருத்துவமாதுவிடமோ டொக்டரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். அப்படிப்பட்ட தாயைத் தனியே விட்டுவிட்டு எல்லோரும் மலைக்குப் போகக் கூடாது.

நம்முடைய மலைநாட்டில் குளிரும் ஒரு எதிரி. தோட்டங்களில் 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கிற பிள்ளைகள் நாட்டின் மற்ற இடங்களை விட அதிகம். சின்னப் பிள்ளைக்குச் சூடு நிற்காது. தலைக்குத் தொப்பி, காலுக்கு மேசு. கைகால் ஜில்லென்று இருந்தால் தாயோ தகப்பனோ சட்டையைக் கழற்றி, பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்து மேலே கம்பளியால் போர்த்துங்கள். இதை விடச் சூடு எந்த அடுப்பிலும் கிடைக்காது. கம்பளி பிள்ளையின் முகத்தை மூடக் கூடாது. குடித்திருக்கிறவர் பிள்ளையோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. விறகடுப்புப் புகைக்குள் பிள்ளையைக் கிடத்த வேண்டாம், இழுப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

தொப்புள் கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வைக்க வேண்டாம். காய விட்டால் ஒன்றிரண்டு கிழமையில் தானாக விழும்.

இந்த வேலைகளில் தகப்பன் எங்கே என்று கேட்பீர்கள். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாம் அவரால் முடியும். பீலியில் தண்ணி பிடிப்பது, விறகு, ராத்திரி துணி மாற்றுவது. துணி காயவைப்பது ஒரு பெரிய வேலை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஆடி மழையிலும் பதுளைப் பக்கம் மார்கழி மழையிலும் துணி காயவே காயாது. ஈரத்துணி பட்டால் பிள்ளைக்குப் புண் வரும். பழைய வேட்டி, சேலை எல்லாவற்றையும் முன்கூட்டியே துவைத்துக் கிழித்து இருபது முப்பது துண்டு சேர்த்து வைத்த ஒரு தகப்பனை நாங்கள் பார்த்தோம். கூட்டாளிகள் சிரித்தார்களாம். அந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு புண் இல்லை.

இனிச் சொல்வதைக் காத்திருக்காமல் செய்யவேண்டும். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தால், உடம்பு நெருப்பாகவோ ஐஸாகவோ இருந்தால், வலிப்பு வந்தால், அமைதியாக இருக்கும்போதே ஒரு நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே குழிந்தால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறந்த அன்றைக்கே மஞ்சள் கண்டாலும், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலும் அப்படியே. வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். தாய்க்கு இரத்தம் துணி துணியாக நனைத்துப் போனாலும், காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, கடும் தலைவலி, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது இருந்தாலும் அப்படியே. தோட்டத்து லொறி வரட்டும் என்று நிற்காதீர்கள். 1990க்குப் போன் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. பாதை இல்லாத டிவிஷன் என்றால் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்குங்கள். ஒருவர் முன்னால் ஓடி அம்புலன்ஸை நிறுத்தட்டும்.

கடைசியாகக் கொஞ்சம் கணக்கு வழக்கு. பிரசவ லீவு 12 கிழமை, அதாவது 84 நாள். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதிதான் கிடைத்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள்தான். "உனக்கு இது மூணாவது" என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். வேலைக்குத் திரும்பின பிறகும் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, வேலை நேரத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்கப் போகச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் 30 நிமிடத்துக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். இது சோற்று நேரத்துக்குப் புறம்பானது.

பிறப்பை 42 நாளுக்குள் பதியவேண்டும். அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் உங்கள் அடையாள அட்டையிலும் கலியாணப் பத்திரத்திலும் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா, பிள்ளையின் பெயர் நீங்கள் சொன்னபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினதால் இருபது வயதில் அடையாள அட்டைக்கு அலைகிற பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்து வையுங்கள்.