நாகமலையை எத்தனை விதமாக வெட்டலாம்?

வெற்றிலைக்கும் ஜெனகை மாரியம்மனுக்கும் பெயர்போன சோழவந்தானில் 1868-ல் பிறந்தவர் அரசஞ் சண்முகனார். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். 1904-ல் அவர் விடுப்பில் போனபோது, அந்த இடத்தில் தற்காலிகமாக வேலை பார்த்தவர் பாரதியார். எளிய பதம், எளிய நடை என்று வாதாடிய கவிஞர் உட்கார்ந்த நாற்காலி, தமிழில் மிகக் கடினமான எழுத்து விளையாட்டுகளை ஆடிய புலவருடையது. இந்தப் பொருத்தத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சண்முகனார் எழுதிய நூல்களில் இரண்டின் பெயரைப் பாருங்கள்: 'மாலைமாற்று மாலை', 'ஏகபாத நூற்றந்தாதி'. மாலைமாற்று என்றால் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் பாட்டு. ஏகபாதம் இன்னும் கொடியது. நான்கு அடியிலும் அதே எழுத்துகள் அதே வரிசையில் வரும். பொருள் மட்டும் அடிக்கு அடி மாறும். அப்படி நூறு பாட்டு! இரண்டுக்கும் முன்னோடி ஏழாம் நூற்றாண்டின் திருஞானசம்பந்தர். அவர் ஏடு வைகையை எதிர்த்துப் போய்க் கரை சேர்ந்ததாகப் புராணம் சொல்லும் திருவேடகமும் சோழவந்தானுக்குப் பக்கத்து ஊர்தான்.

ஆங்கிலத்திலும் எழுத்துப் பித்தர்கள் உண்டு. இன்னின்ன எழுத்து இருக்கிற, முடிந்தவரை நீளமான சொல்லைத் தேடுவார்கள். எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத சொல் என்றால், 15 எழுத்து கொண்ட 'அன்காப்பிரைட்டபிள்' அவர்களுடைய செல்லம். கணினிக்கு இது சாதாரண வேலை. 26 எழுத்துக்கு 26 இடம். எழுத்து இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒவ்வொரு சொல்லும் ஓர் எண்ணாகிவிடும். அந்த எண்களை ஒப்பிட்டு அகராதி முழுவதையும் நொடியில் சலித்துவிடலாம்.

ஏகபாதத்தில் தேடவேண்டியது சொல்லை அல்ல, வெட்டுமிடத்தை. சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் தெரியும் நாகமலையையே எடுத்துக்கொள்வோம். நாக மலை என்று பிரிக்கலாம். நா, கமலை என்றும் பிரிக்கலாம். கமலை என்றால் திருமகள், கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கமலையும் அதுவே. நாகம், அலை என்றும் பிரியும். இந்த மூன்றாவது வெட்டு இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழவில்லை. 'ம' என்ற எழுத்தையே பிளந்து, ம் என்பதை முன்சொல்லுக்கும் அ என்பதைப் பின்சொல்லுக்கும் கொடுக்கிறது. உயிர்மெய் என்ற அமைப்பும் புணர்ச்சியும் சேர்ந்து தரும் வசதி இது.

கணக்குப் போட்டால் அதன் வீச்சு தெரியும். நான்கு எழுத்துக்கு நடுவே மூன்று இடைவெளி. ஒவ்வொன்றிலும் வெட்டலாம், விடலாம். ஆக 8 வழி. ஒலியாகப் பிரித்தால் எட்டு ஒலி, ஏழு இடைவெளி, 128 வழி. பதினாறு உயிர்மெய் கொண்ட ஓர் அடியில் 32 ஒலி, 31 இடைவெளி. வழிகள் 214 கோடிக்கு மேல்! பெரும்பாலானவை உளறல்தான். பொருள் தரும் நான்கைப் பொறுக்க வேண்டும், அவை யாப்புக்கும் அடங்க வேண்டும். நன்னூல் பட்டியலிடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகள் இங்கே கைகொடுக்கும். கா, கோ, தீ, நா, பூ, மா, வை என்று எங்கே வெட்டினாலும் ஒரு துண்டுக்குப் பொருள் கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட சொற்கள் இரண்டே இரண்டு.

கணினி 214 கோடியையும் சோதிக்காது. 32 ஒலியில் அடுத்தடுத்து வரும் துண்டுகள் மொத்தம் 528-தான். ஒவ்வொன்றையும் அகராதியில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டு, பொருந்துகிறவற்றைக் கோத்தால் போதும். புணர்ச்சியில் திரியும் எழுத்துகளுக்கு மட்டும் தனி விதி எழுத வேண்டும்.

சரி, கணினி இல்லாத புலவர் என்ன செய்தார்? அவருக்கு நிகண்டு இருந்தது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. அதன் வரிசை முதலெழுத்தைக் கொண்டு அமைந்ததல்ல, எதுகையைக் கொண்டது. ககர எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ககரமாக உள்ள சொற்கள் ஓரிடத்தில் கிடைக்கும். குறிப்பிட்ட எழுத்து குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் சொல்லைத் தேடித் தரும் கருவி இது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலையில் ஏற்றிக்கொண்டது. 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோதும் நான்கில் ஒரு பகுதியைத் தொடைக்கே ஒதுக்கினார். சண்முகனார் தாமே 'நவமணிக்காரிகை நிகண்டு' என்று ஒன்று எழுதியவர். கருவி செய்யத் தெரிந்தவர் என்பதால் நூறு ஏகபாதம் எனக்கு அதிசயமாகத் தெரியவில்லை. கவிதையாக அவற்றில் ஊறித் திளைக்க என்னால் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொழியை எதுவரை வளைக்கலாம் என்று பார்த்த சோதனையாக அவை பெரிய காரியம்.

மாலைமாற்றில் சிக்கல் வேறு. பாட்டின் முதலெழுத்தே கடைசி எழுத்தாகவும் வர வேண்டும். நன்னூல் கணக்கில் சொல்லுக்கு முதலில் வரத்தக்க எழுத்துகள் 247-ல் 103 மட்டுமே. புள்ளி வைத்த எழுத்து முதலில் நிற்காது. ஆகவே மாலைமாற்றுப் பாட்டு புள்ளியில் முடியவும் முடியாது. அவன், மரம், வந்தாள் என்று தமிழ் வாக்கியங்கள் இயல்பாகப் போய் நிற்கும் இடமெல்லாம் அடைபட்டுவிடும். சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தில் நெட்டெழுத்துகள் நிரம்பிக் கிடப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் ஊகம்.

கணினி உண்மையில் சறுக்குவது இங்கேதான். 'விகடகவி' திருப்பினாலும் விகடகவி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருங்குறியில் அது ஐந்து எழுத்தல்ல, ஏழு குறி. 'வி' என்பது வ ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. சாதாரண நிரலிடம் திருப்பச் சொன்னால், தனியே தொங்கும் இகரக் குறியில் தொடங்கி 'வகடகிவ' என்று வந்து நிற்கும். மலையாளம் என்ற சொல்லுக்கு நேர் எதிர்க் கதை: ஆங்கில எழுத்தில் அது மாலைமாற்று, தமிழில் இல்லை. 2010-ல் தமிழக அரசு ஏற்ற டேஸ்-16 குறியீடு ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுத்து இதைத் தீர்க்கப் பார்த்தது. ஆனால் உலகம் ஒருங்குறியோடு போய்விட்டது. இன்று தமிழுக்கு நிரல் எழுதுகிறவர்கள், குறிகளை எழுத்துகளாகக் கூட்டிச் சேர்க்கும் வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் தேடலையே தொடங்குகிறார்கள்.