பிள்ளைகளின் உடல் பருமன்: தங்கவயல் தெருக்கள் என்ன செய்யலாம்?

பொழுது புலராத நேரத்தில் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலுள்ள மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். தோளில் சாப்பாட்டுப் பையோடு, பெங்களூரு வண்டியைப் பிடிக்கக் கூட்டம் கூட்டமாக ஓடிவருவார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்துக்குள் இறங்கிய கோலார் தங்கவயல் மக்கள், அதன்பிறகு பிழைப்புக்காக ரயில் ஏறத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தாண்டி வேலைக்குப் போகும் அப்பாவும் அம்மாவும் வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது.

பள்ளி விட்டு வரும் பிள்ளை பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டைத் திறக்கிறது. நல்ல பசி, காலையில் வடித்த சோறு ஆறிக் கிடக்கிறது. முனைக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டில் ஒன்று ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் பிரித்துக்கொண்டு கைபேசியோடு உட்கார்ந்துவிடுகிறது. இதற்குப் பிள்ளையின் நாக்கையோ தாயின் கவனத்தையோ குறை சொல்வது அநியாயம். அந்த நேரத்தில், அந்தக் காசுக்கு, கைக்கு எட்டுவது அதுதான். கைக்கு எட்டுவதை மாற்றுவதுதான் பருமனைத் தடுக்கும் வழி. ஒரு வீட்டால் மட்டும் அதைச் செய்ய முடியாது. தெரு சேர்ந்தால் முடியும்.

எதைப் பருமன் என்கிறோம்?

கன்னம் கொழுகொழுவென்று இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண்ணைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான எண்ணை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாது. அவர்கள் வளர்ந்துகொண்டே இருப்பவர்கள். இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம் 5 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, 2015-ல் வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டது. பெரியவர்களின் 23, 27 என்ற அளவுகளுக்கு இணையான கோடுகள் அதில் உண்டு. முதல் கோட்டைத் தாண்டினால் அதிக எடை. இரண்டாவதைத் தாண்டினால் பருமன். ஒரு நாள் எடுத்த எடையைவிட, பிள்ளையின் கோடு ஆண்டுதோறும் எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம்.

பசி கண்ட ஊரில் பருமனா?

இரண்டும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே ஆய்வில் அதிக எடை கொண்ட குழந்தைகளின் பங்கு, முந்தைய ஆய்வின் 2.1 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாக உயர்ந்திருந்தது. இந்தியாவில் 5 முதல் 19 வயதுள்ளோரில் பருமனானவர்கள் 1990-ல் சுமார் 4 லட்சம். 2022-ல் சுமார் 1.25 கோடி என்கிறது 'லான்செட்' மருத்துவ இதழில் 2024-ல் வெளியான ஆய்வு. உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளிடையே பருமன் எடைக்குறைவை முந்திவிட்டது என்று 2025-ல் யுனிசெஃப் அறிவித்தது.

பசியும் பருமனும் பகையாளிகள் அல்ல. ஒன்றின் கையைப் பிடித்துத்தான் இன்னொன்று வருகிறது. இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும், அந்தச் சின்ன உடம்பிலும் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதைப் புனே மருத்துவர் ரஞ்சன் யாஜ்னிக்கின் ஆய்வுகள் காட்டின. கருவில் சத்துக் குறைந்து பிறந்த பிள்ளைக்குப் பின்னாளில் எடை வேகமாக ஏறினால், இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. வேலையிழப்பால் வயிற்றைக் கட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் விஷயத்தில் அதனால்தான் கூடுதல் கவனம் தேவை.

பாடம் நடத்தினால் போதுமா?

போதாது என்பதற்கு பிரான்ஸில் ஒரு சான்று இருக்கிறது. அந்நாட்டின் வட பகுதியிலுள்ள ஃப்ளேர்பே, லவான்டி என்னும் இரு சிற்றூர்களில் 1992-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவுப் பாடம் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்தது. ஆனால் முதல் சில ஆண்டுகளில் எடை குறையவில்லை. பிறகு நகராட்சி, மருத்துவர்கள், கடைக்காரர்கள், விளையாட்டு மன்றங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். 2004-ல் அங்கே அதிக எடை கொண்ட பிள்ளைகள் 8.8 சதவீதம், ஒப்பிட எடுத்துக்கொண்ட பக்கத்து ஊர்களில் 17.8 சதவீதம். வகுப்பறையில் கற்றதைத் தெருவில் செய்து பார்க்க வழி கிடைத்த பிறகே பலன் தெரிந்தது.

யார் தலைமை ஏற்பது?

தங்கவயலுக்கு இது புதிய கேள்வி அல்ல. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அவர்களுக்கு அங்கீகாரம் பெற்ற சங்கம் கிடையாது. லைன் வீடுகளில் பேசிப் பேசித்தான் அந்த ஒற்றுமை உருவானது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' இதழுக்கு, அவர் மறைந்த பின் மறுவாழ்வு கொடுத்ததும் இதே ஊர்த் தொழிலாளிகள்தான்.

இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பவர்கள் அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா அக்கா, மகளிர் குழுத் தலைவி, பள்ளி மேம்பாட்டுக் குழுவினர், கால்பந்து சொல்லித்தரும் அண்ணன். வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளரான ஆஷாவுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் இல்லை என்பது தெரியும். அவர் சொல்லும் சொல்லுக்கு, மேடையேறிப் பேசும் நிபுணரின் சொல்லைவிட மதிப்பு அதிகம்.

என்னென்ன செய்யலாம்?

முதலில் மாலைப் பசி. கோலார் மாவட்டம் கேழ்வரகும் பாலும் விளையும் மண். கேழ்வரகுக் கூழ், அவித்த கடலை, சுண்டல் இவற்றை மகளிர் குழு பள்ளி விடும் நேரத்தில் ஐந்து ரூபாய்க்கு விற்றால், சிப்ஸுக்குப் போட்டி வந்துவிடும். கர்நாடக அரசுப் பள்ளிகளில் பாலும் முட்டையும் கொடுக்கிறார்கள். ஒரு நாளும் தவறாமல் அவை பிள்ளையின் வயிற்றுக்குப் போவதைப் பெற்றோர் குழு கவனிக்கலாம்.

இரண்டாவது, சட்டம். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதி. ஒரு 300 மில்லி குளிர்பானத்தில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஆறேழு தேக்கரண்டி இருக்கிறது. கடைக்காரரும் ஊர்க்காரர்தான். சண்டைக்குப் போகாமல், வேறு என்ன விற்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மூன்றாவது, ஓட்டம். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண் பிள்ளைகள் தயங்காமல் மைதானத்துக்கு வர, பெரியவர் ஒருவர் அங்கே நின்றாலே போதும்.

நான்காவது, நாக்கு. எந்தப் பிள்ளையையும் 'குண்டு' என்று கூப்பிடாதீர்கள். பட்டினி போடவும் வேண்டாம். பல பிள்ளைகளுக்கு எடை மேலும் கூடாமல் பார்த்துக்கொண்டால், உயரம் வளர வளர உடம்பு சீராகிவிடும். பருமன் மிகுந்த பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

சுரங்கம் ஓடிய காலத்தில் சங்கு ஊதினால் ஊரே எழுந்தது, ஷிப்ட் மாறியது. இப்போது அந்தச் சங்கு இல்லை. மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஒருவர் விசில் ஊதட்டும். ஓரமாக இன்னொருவர் சுண்டல் குண்டானோடு நிற்கட்டும். சாவி வாங்க வந்த பிள்ளையிடம் பக்கத்து வீட்டு அத்தை, "முதல்ல ஒரு வாய் சாப்பிட்டு, ஆடிட்டு வா" என்று சொல்லட்டும். இந்த மூவரும்தான் இந்த ஊருக்கு வேண்டிய தலைவர்கள்.