போர்டு முன் நிற்கும் பிள்ளைக்கு வக்கீல் எதற்கு?

"சின்னப் பையன்தானே, நாலு புத்திமதி சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதற்குப் போய் வக்கீல் எதற்கு?" பெங்களூரில் ஸ்ரீராமபுரத்திலோ லிங்கராஜபுரத்திலோ ஈஜிபுராவிலோ பதினாறு, பதினேழு வயதுப் பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஆறுதலை நம்பி சும்மா இருந்துவிடும் குடும்பம், திரும்பக் கிடைக்காத சில நாட்களைத் தொலைத்துவிடுகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1964-ல் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன், பக்கத்தில் குடியிருந்த பெண்மணிக்குப் போன் செய்து ஆபாசமாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். வேலைக்குப் போயிருந்த பெற்றோருக்குத் தகவல் சொல்லப்படவில்லை. பையனுக்கு வக்கீல் இல்லை. புகார் கொடுத்த பெண்மணி விசாரணைக்கே வரவில்லை. இதே குற்றத்தை ஒரு பெரியவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. பையனுக்கோ 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி என்று தீர்ப்பானது. குழந்தையின் நன்மைக்காகவே நடக்கும் நீதிமன்றத்தில் வக்கீலுக்கு என்ன வேலை என்பதுதான் அதுவரை சொல்லப்பட்டு வந்த நியாயம். 1967 மே 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தைத் தள்ளுபடி செய்தது. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும், தனக்கு எதிராகத் தானே பேசாமலிருக்கும் உரிமையும் குழந்தைக்கும் உண்டு என்றது.

நம் நாட்டில் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் சிறார் நீதிச் சட்டம், அதாவது 2015-ம் ஆண்டுச் சட்டம், இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 18 வயது நிறையாதவர் மீதான வழக்கை விசாரிப்பது சிறார் நீதி வாரியம். எல்லோரும் சொல்வது 'போர்டு'. ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். பிள்ளைக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கிறதா என்று பார்ப்பது போர்டின் கடமை. கூண்டு கிடையாது, உயர்ந்த மேடை கிடையாது. அந்த எளிமையைப் பார்த்துத்தான் பெற்றோருக்கு அலட்சியம் வருகிறது.

முதல் 24 மணி நேரத்திலிருந்து தொடங்குவோம். 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைப் போர்டு முன் கொண்டுவர வேண்டும். பயண நேரம் இதில் சேராது. லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஜெயிலுக்கு அனுப்பவே கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. போலீஸ்காரர் சீருடையில் இருக்கக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து கேட்கக் கூடாது. கொடுங்குற்றம் (அது எது என்று பின்னால் பார்ப்போம்) என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் என்றாலோதான் எஃப்.ஐ.ஆர். மற்றவற்றுக்கு ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு, பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றி ஓர் அறிக்கை, அவ்வளவுதான். இதெல்லாம் 2016 மாதிரி விதிகளில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை ஸ்டேஷனில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மறுநாள்தான் வந்து சேர்கிறார்.

அடுத்தது வயது. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே இதில் ஒரு சிக்கல் உண்டு. பையன் வளர்ந்தது இங்கே. பிறந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் திருவண்ணாமலைப் பக்கமோ தர்மபுரிப் பக்கமோ இருக்கும். கையில் இருப்பது ஆதார் அட்டை மட்டும். பிறந்த தேதிக்கு ஆதார் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லிவிட்டது. சட்டத்தின் 94-வது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அது இரண்டு வயது கூடக் குறையக் காட்டக்கூடியது. கணக்கு, சம்பவம் நடந்த நாளில் என்ன வயது என்பதே; பிடிபட்ட நாள் அல்ல. ஆகவே ஊரிலிருக்கும் மாமாவை அன்றைக்கே பள்ளிக்கு அனுப்பி, சேர்க்கைப் பதிவேட்டின் நகலையும் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட சான்றையும் வாங்கவைப்பது, வக்கீல் செய்யும் எந்த வாதத்தையும் விடப் பெரிய வேலை. ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் அதையும் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஒரு காகிதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாராயண் சேத்தன்ராம் சௌத்ரி வழக்கு இருக்கிறது. 1994-ல் புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர். அவருடைய உண்மையான பெயர் நிராநாராம் என்பதும், சம்பவத்தன்று வயது 12 ஆண்டு 6 மாதம் என்பதும் ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டிலிருந்து தெரியவந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்று விடுதலை செய்தது 2023 மார்ச் 27 அன்று. அதற்குள் 28 ஆண்டுக்கு மேல் சிறையில் போய்விட்டது. வயதுக் கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு இறுதியான பிறகும்கூட எழுப்பலாம் என்று 9-வது பிரிவு சொல்வதால்தான் அவர் உயிரோடு வெளியே வர முடிந்தது.

குற்றத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது சட்டம். அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை என்றால் சிறு குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ என்றால் கொடுங்குற்றம். நடுவில் உள்ளவை கடுங்குற்றம். அதிகபட்சம் ஏழு ஆண்டைத் தாண்டினாலும் குறைந்தபட்சம் எதுவும் சொல்லப்படாத குற்றங்களும் இந்த நடு வகையில்தான் சேரும் என்று 2020 ஜனவரியில் ஷில்பா மித்தல் வழக்கில் தீர்ப்பானது. ஆகவே செல்போன் பறிப்பு சிறு குற்றம். கொலை முயற்சி, கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், கொடுங்குற்றம் ஆகாது. இந்த வகைப்பாடு பிள்ளையின் தலையெழுத்தையே மாற்றிவிடும். 16 வயது நிறைந்தவர் மீது கொடுங்குற்ற வழக்கு என்றால் மட்டுமே, அவரைப் பெரியவரைப்போல விசாரிக்கலாமா என்ற கேள்வி எழும். மற்ற எந்த வழக்கானாலும் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம்.

காதல் வழக்குகள் வந்து விழுவதும் இந்தக் கொடுங்குற்ற வகையில்தான். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் ஊரைவிட்டுப் போனால், பெண் வீட்டார் கொடுக்கும் புகார் போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் வழக்கு ஆகிறது. உடலுறவு என்று வந்தால் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு. பெண் தன் விருப்பத்தோடுதான் போனாள் என்பது சட்டத்தின் கண்ணில் ஏறாது. பெங்களூரின் என்ஃபோல்ட் அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் 2016–2020 போக்சோ தீர்ப்புகள் 7,064-ஐ ஆராய்ந்தபோது, 1,715 வழக்குகள் காதல் உறவில் பிறந்தவை என்று கண்டது. ஏறக்குறைய நான்கில் ஒன்று. கர்நாடக உயர் நீதிமன்றமே 2022-ல், சம்மத வயதை மறுபரிசீலனை செய்யும்படி சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. 2023-ல் ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எனவே பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த ஆபத்தை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கொடுங்குற்றம் என்றால் போர்டு 'முதற்கட்ட மதிப்பீடு' செய்யும். குற்றத்தைச் செய்யும் மனபலமும் உடல்பலமும் இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழலில் செய்ததாகச் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் வல்லுநர் தேவைப்படுகிறார். 2022 ஜூலையில், குருகிராம் பள்ளிக் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம். போர்டு உறுப்பினர்களில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால், வெளியே இருந்து வல்லுநர் உதவியைப் பெற்றே ஆக வேண்டும். விருப்பப்பட்டால் பெறலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெங்களூருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே தொடங்கப்பட்ட 'சம்வாத்' என்ற தேசிய முயற்சி, சிக்கலில் மாட்டிய குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது.

ஆனால் இந்த மதிப்பீட்டில் ஒரு குழி இருக்கிறது. குற்றம் நடந்ததா என்றே இன்னும் விசாரணை நடக்கவில்லை, அதற்குள் "எந்தச் சூழலில் செய்தாய்?" என்று கேள்வி வருகிறது. பயந்த பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிடும். நல்ல வக்கீல், மதிப்பீட்டுக்கு முன்பே பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, எதைச் சொல்லியாக வேண்டும், எதைச் சொல்லாமலிருக்க உரிமை உண்டு என்று புரியவைப்பார். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவார். பெரியவராகவே விசாரிக்கலாம் என்று உத்தரவானால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் உண்டு; முதலில் மதிப்பிட்டவர் அல்லாத வேறு வல்லுநரின் உதவியை அந்தக் கோர்ட் பெறலாம். அப்பீலுக்குக் கெடு 30 நாள். இந்த மதிப்பீட்டை முடிக்கச் சட்டம் சொல்லும் மூன்று மாதக் காலவரம்பு கட்டாயமானதல்ல என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் கர்நாடகத்திலிருந்து போன வழக்கில்தான். ஆகவே நாள் கடந்துவிட்டது என்ற ஒரே வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஜாமீனுக்கு வருவோம். பெரியவர்கள் வழக்கில் குற்றம் எவ்வளவு கொடியது என்பதே முதல் கேள்வி. சிறார் வழக்கில் அது கேள்வியே அல்ல. ஜாமீன் கொடுப்பதுதான் விதி. குற்றவாளிகளின் சகவாசத்தில் போய்ச் சேருவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெட்டுப்போகும் என்ற மூன்றில் ஒன்று இருந்தால்தான் மறுக்கலாம். காரணத்தை எழுதவும் வேண்டும். அந்தக் காரணம் எங்கிருந்து கிடைக்கிறது? நன்னடத்தை அலுவலர் கொடுக்கும் சமூக விசாரணை அறிக்கையிலிருந்து. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். வீட்டில் யார் யார், வருமானம் என்ன, பள்ளியை ஏன் விட்டான், நண்பர்கள் எப்படிப்பட்டவர்கள், என்ன பழக்கம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் படிவம். 'நண்பர்கள்' என்ற கட்டத்தில், ஏரியா ஸ்டேஷன் சொன்னதைக் கேட்டு "கெட்ட சகவாசம்" என்று ஒரு வரி விழுந்தால் போதும், ஜாமீன் மறுப்புக்குக் காரணம் தயார். அந்த வரி விழும் முன்பே அலுவலரைப் போய்ப் பார்க்க வேண்டும். பழைய வகுப்பாசிரியரின் கடிதம், வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதித்தரும் மெக்கானிக் கடைக்காரர், "எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஓசூர் அத்தை — இவர்கள்தான் இந்தக் கோர்ட்டில் சூரிட்டியை விடப் பெரிய பலம். ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மறுபடி போர்டு முன் நிறுத்த வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு ஐ.டி. ஊழியர்கள் இறந்தபோது, ஓட்டிய 17 வயதுப் பையனுக்கு 300 வார்த்தைக் கட்டுரை எழுதும் நிபந்தனையோடு ஜாமீன் கொடுத்ததற்கு நாடே கொதித்தது. பிறகு அவனைக் கண்காணிப்பு இல்லத்தில் வைத்தார்கள். ஜூன் 25 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லி அத்தையிடம் ஒப்படைத்தது. ரத்த மாதிரியை மாற்றியதாகப் பெற்றோரும் டாக்டர்களும் கைதானது தனி வழக்கு. அந்த அயோக்கியத்தனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் உயர் நீதிமன்றம் அந்தப் பையனுக்குக் கொடுத்தது சலுகை அல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டம் எழுதிவைத்திருப்பதுதான். அதே நாட்டில், 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் அடித்தே கொல்லப்பட்டான். இல்லங்களைச் சீர்திருத்த நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது அதன் பிறகுதான். பேட்டரித் திருட்டுக்குப் பிடிபட்ட பிள்ளையை இல்லத்தில் வைக்க வேண்டுமா என்று முதல் நாளே கேட்பதற்குத்தான் வக்கீல்.

இன்னொரு கண்ணி, "ஒத்துக்கோ, எச்சரித்து விட்டுவிடுவார்கள்" என்பது. சிறு குற்ற வழக்கில் விசாரணை இழுத்துக்கொண்டே போகும். கூலி வேலைக்குப் போகும் அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளத்தை இழப்பார். செய்யாததை ஒத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சிறு குற்ற விசாரணை நான்கு மாதம், மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் முடியவில்லை என்றால் வழக்கு அத்தோடு முடிந்தது என்று 14-வது பிரிவே சொல்கிறது. இது தெரியாமல் ஒத்துக்கொண்ட பையனை, அடுத்த முறை ஏரியாவில் எது காணாமல் போனாலும் முதலில் தேடி வருவார்கள்.

பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாக் குழந்தைக்கும் இலவச வக்கீல் உண்டு. பெங்களூரில் எச். சித்தையா ரோட்டில் உள்ள நியாய தேகுலா கட்டடத்தில் கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. போன் 15100, குழந்தைகள் உதவி எண் 1098. கொடுக்கப்பட்ட வக்கீல் பிள்ளையைப் பார்க்கவே வரவில்லை என்றால், வேறு வக்கீல் வேண்டும் என்று போர்டிலேயே கேளுங்கள். பிள்ளைக்குக் கன்னடம் சரியாக வராது என்றால், தமிழில் பேச ஆள் வேண்டும் என்பதையும் முதல் வாய்தாவிலேயே சொல்லிவிடுங்கள். நாகர்பாவியில் உள்ள தேசிய சட்டப் பள்ளியின் குழந்தை மற்றும் சட்ட மையம் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததும் இதுவே: பிள்ளையின் வழக்கில் வக்கீலும் சமூகப் பணியாளரும் சேர்ந்து நிற்க வேண்டும். தனியாக வரும் வக்கீலுக்கு வீட்டைப் போய்ப் பார்க்க நேரம் இருக்காது.

பிள்ளையை அடித்தால், அவனைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. இல்ல ஊழியர் என்றால் ஐந்து ஆண்டு வரை. காயத்தைப் போர்டிடம் அன்றைக்கே காட்டி, பதிவு செய்யச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயரோ போட்டோவோ பள்ளியின் பெயரோ பத்திரிகையிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தால் 74-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். பகிரும் சொந்தக்காரருக்கும் இது பொருந்தும்.

வழக்கு முடிந்த பிறகும் வக்கீலுக்கு ஒரு வேலை மிச்சம். பெரியவராக விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, போர்டு வழக்கால் எந்தத் தகுதிக்குறைவும் வராது; அப்பீல் காலம் கழிந்தபின் பதிவுகளை அழிக்க வேண்டும். சிறுவயது வழக்கைக் காரணம் காட்டி ஒருவருக்கு மத்தியப் படை வேலையை மறுத்தது செல்லாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் ஸ்டேஷன் பதிவேடு தானாக மாறிவிடாது. பதிவை அழிக்கும் உத்தரவை எழுத்தில் கேட்டு, சான்றிட்ட நகல் ஒன்றை வாங்கி, பள்ளிச் சான்றிதழ்களோடு வைத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும் நாளில் அது தேவைப்படும்.