விண்மீன் துடிப்பும் கோதுமை விலையும்

விண்மீன் மின்னுவது வேறு; அதன் ஒளியே கூடிக் குறைவது வேறு. முன்னது நம் வளிமண்டலத்தின் விளையாட்டு. பின்னது அந்த விண்மீனிலேயே நிகழ்வது. 'டெல்டா செஃபி' என்னும் விண்மீன் 5.366 நாள்களுக்கு ஒருமுறை பொலிவுற்று மங்குகிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த, செவித்திறனற்ற இருபது வயது இளைஞர் ஜான் குட்ரிக் 1784-இல் இதைக் கண்டறிந்தார். சென்னைக்கும் இத்துறையில் ஓர் இடமுண்டு. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் 'ஆர் ரெட்டிகுலி' என்னும் விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டார். அதன் சுழற்சிக்காலம் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள்.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு வானத்தில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். விலைவாசியில் ஏற்றத்தாழ்வுச் சுழற்சியைத் தேட நாங்கள் பயன்படுத்தும் கருவியும், விண்மீன் ஒளியில் துடிப்பைத் தேட வானியலாளர்கள் பயன்படுத்தும் கருவியும் ஒன்றே. ஆர்தர் ஷூஸ்டர் என்னும் இயற்பியலாளர் 1898-இல் 'பீரியடோகிராம்' என்று பெயரிட்ட முறை அது. கருவி ஒன்று என்பதால் அதன் பொறிகளும் ஒன்றே. ஒரு முறை நானும் அதில் விழுந்தவன்.

முறை எளிமையானது. கையில் உள்ள அளவீடுகளோடு ஓர் அலையை ஒப்பிடுகிறோம். முதலில் ஒரு நாள் சுழற்சி, பிறகு சற்றே நீண்டது, பிறகு அதனினும் நீண்டது என ஆயிரக்கணக்கான அலைகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறோம். எந்த அலை மிகுதியாகப் பொருந்துகிறதோ அங்கே வரைபடத்தில் ஒரு சிகரம் எழும். மேகம், பகல், நிலவொளி ஆகியவற்றால் வானியல் அளவீடுகள் சீரான இடைவெளியில் அமைவதில்லை. அதற்கேற்ப இம்முறையை 1976-இல் லோம்ப், 1982-இல் ஸ்கார்கிள் ஆகியோர் செப்பனிட்டனர். இன்று மாணவர்கள்கூட ஒரு பொத்தானை அழுத்திச் சிகரத்தைப் பெற்றுவிடலாம்.

அந்தச் சிகரத்தை நம்பலாமா என்பதே கேள்வி.

திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதைப் பார்த்திருப்போம். சக்கரத்தில் பிழையில்லை, கேமரா விட்டுவிட்டுப் பார்ப்பதால் நேரும் மயக்கம் அது. டெல்டா செஃபியை இரவுதோறும் ஒரே நேரத்தில் ஒருமுறை மட்டும் அளப்பவருக்கு 5.366 நாள் சுழற்சியும் 1.229 நாள் சுழற்சியும் ஒன்றுபோலவே பொருந்தும். ஒரு நாளில் முன்னது 0.186 பங்கு சுழல்கிறது; பின்னது 0.814 பங்கு. இரண்டையும் கூட்டினால் சரியாக ஒன்று. அதனால் நாளுக்கொருமுறை பார்ப்பவரால் ஒன்று முன்னோக்கிச் செல்வதையும் மற்றது பின்னோக்கிச் செல்வதையும் பிரித்தறிய இயலாது. பொறியாளர்கள் இதை 'ஏலியாசிங்' என்பார்கள்.

இது சிறு பிழையன்று. சுழற்சிக்காலம் நீள நீள இவ்வகை விண்மீன்களின் உண்மையான ஒளிர்வும் கூடுகிறது என்பதைச் சிறிய மெகல்லானிக் மேகத்திலுள்ள 25 விண்மீன்களைக் கொண்டு ஹென்ரியேட்டா லீவிட் 1912-இல் நிறுவினார். அண்டத்தின் தொலைவுகளை அளக்க அதுவே முழக்கோலாயிற்று. காலத்தைக் குறைத்துக் கணித்தால் விண்மீனின் ஒளிர்வும் குறையும், தொலைவும் குறையும்.

இன்னொரு பொறி, தரவுகளைத் 'தூய்மை'ப்படுத்தும்போது நேர்வது. பின்னாளில் சமூகக் காப்பீட்டு அறிக்கையால் புகழ்பெற்ற வில்லியம் பெவரிட்ஜ், 1920-களின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பியக் கோதுமை விலைகளை ஆராய்ந்து, 15.3 ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டென்றார். நீண்டகாலப் போக்கை அகற்றுவதற்காக அவர் ஒவ்வோர் ஆண்டின் விலையையும் 31 ஆண்டு நகரும் சராசரியால் வகுத்திருந்தார். அந்த வகுத்தலே ஏறத்தாழ அந்த அளவிலான அலைகளைப் பெருக்கிக் காட்டும் என்பதை 1971-இல் கிரேஞ்சரும் ஹியூஸும் எடுத்துக்காட்டினர். ரஷ்யரான ஸ்லட்ஸ்கி 1927-லேயே லாட்டரி எண்களைத் தொடர்ச்சியாகக் கூட்டி, ஆங்கிலேய வணிகச் சுழற்சியை அப்படியே ஒத்த அலையை வரைந்து காட்டியிருந்தார்.

என் ஆய்வுக் காலத்தில் வெங்காய விலையில் நானும் அழகான ஓர் அலையைக் கண்டேன். நெறியாளர் மறுப்பேதும் சொல்லவில்லை. சமவாய்ப்பு எண் அட்டவணையை என் கையில் கொடுத்து, விலைக்குப் பதில் இந்த எண்களை இட்டு அதே கணக்கைச் செய்து வாருங்கள் என்றார். இரண்டு நாள் கழித்து வந்த அலை, வெங்காயத்தின் அலையைவிடச் சீராக இருந்தது. அந்த இயலை நான் ஆய்வேட்டிலிருந்து நீக்கினேன்.

அதே சோதனை அண்மையில் ஒரு கோளையே அழித்தது. நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் தொகுதியைச் சேர்ந்த ஆல்ஃபா சென்டாரி பி-ஐ, 3.24 நாளுக்கொருமுறை ஒரு கோள் சுற்றுவதாக 2012-இல் 'நேச்சர்' இதழில் அறிவிப்பு வந்தது. அளக்கப்பட்டது ஒளியன்று, விண்மீனின் வேகம். தேடிய கணக்கு மட்டும் இதுவே. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2015-இல், கோளே இல்லாத ஒரு கற்பனை விண்மீனைக் கணினியில் உருவாக்கி, உண்மையில் நோக்கிய அதே நேரங்களில் மட்டும் அதை 'அளந்து' பார்த்தனர். 3.24 நாள் சிகரம் அங்கும் எழுந்தது. நோக்கிய இரவுகளின் இடைவெளிகள் பெற்ற பிள்ளை அது. பெரும்பாலான வானியலாளர்கள் அக்கோளை இப்போது ஏற்பதில்லை. முதலில் கண்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தங்கள் அளவீடுகளை அவர்கள் வெளியிட்டதால்தான் பிறரால் சோதிக்க முடிந்தது.

மற்றொன்று எண்ணிக்கை பற்றியது. ஆயிரத்தில் ஒருமுறை மட்டுமே தற்செயலாக எழக்கூடிய சிகரம் என்றால் உறுதியானதாகத் தோன்றும். ஆனால், ஒன்றையொன்று சாராத ஒரு லட்சம் சுழற்சிக்காலங்களைச் சோதித்தால் அப்படிப்பட்ட நூறு சிகரங்கள் தாமாகவே முளைக்கும். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அரைமணிக்கு ஒருமுறை அளந்தது. சூரியனைப் போன்ற விண்மீனின் குறுக்கே பூமியளவுக் கோள் கடந்தால் ஒளி குறைவது, பத்தாயிரம் ரூபாயில் ஒரு ரூபாய்க்கும் குறைவு. அதனால் மூன்று முறையாவது ஒரே இடைவெளியில் குறைந்தாலன்றி அதைக் கோளுக்குரிய அடையாளமாகக் கருதவில்லை.

விண்வெளியில் பகல் குறுக்கிடாது. தரையிலிருந்து பார்ப்போர் அந்த இடைவெளியை நிரப்ப ஒரே விண்மீனை வெவ்வேறு தீர்க்கரேகைகளிலிருந்து மாறிமாறி நோக்குகின்றனர். சிலி நாட்டு மலைகளுக்கும் நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்துக்கும் ஏறத்தாழ பத்து மணி நேர வேறுபாடு. அங்கே பொழுது விடிந்து தொலைநோக்கிகள் மூடப்பட்டுச் சில மணி நேரத்தில் இங்கே இருள் சூழத் தொடங்கும்.