புற்றரை இயந்திரத் திருத்துநரின் கல்வியும் சங்கமும்

நுவரெலியா நகரிலுள்ள கோல்ப் மைதானத்தை மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் பலர் கண்டிருப்பர். அத்தகைய மைதானங்களிற் குழியைச் சூழவுள்ள புற்றரை, கம்பளம் விரித்தாற்போலத் தோன்றும். அதுவும் ஒரு பயிரே. நெல்லுக்கும் கோவாவுக்கும் போலவே அதற்கும் நீரும் பசளையும் நோய்த்தடுப்பும் வேண்டும். ஆயினும் அது பெரும்பாலும் நாடோறும் வெட்டப்படும் பயிர். ஆதலின் அதன் நலம் வெட்டும் இயந்திரத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.

இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பார், ஆலையிற் கம்பளித் துணியின் பிசிரைக் கத்தரிக்கும் பொறியைக் கண்டு, 1830ஆம் ஆண்டில் உருளைப் புல்வெட்டியை அமைத்தார். இன்றும் அதன் இயக்கம் அதுவே. சுழலும் அலகுகள் அசையாத அடியலகைத் தொடுமளவுக்கு நெருங்கிவந்து, கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்குகின்றன. குழியைச் சூழ்ந்த தரையிற் புல்லின் உயரம் ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்களவே. இரு அலகுகளுக்கும் இடையே விடப்படும் வெளியோ அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு அளவினது. திருத்துநர் ஒரு பத்திரிகைத் தாட்டுண்டை அலகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வைத்துப் பார்ப்பார். தாள் எவ்விடத்தில் மடிந்து நறுக்கப்படாது போகின்றதோ, அவ்விடத்திற் புல்லும் நறுக்கப்படாது கிழியும்.

கிழிந்த புல்லின் நுனி வெளிறிக் காய்கின்றது. ஈரம் வீணாகின்றது, பூஞ்சண நோய்க்கும் வழி திறக்கின்றது. தூரத்தினின்று நோக்குவோர் இதனை நோயென்றே கொண்டு மருந்து தெளிக்கக்கூடும். மருந்துக்குக் கொடுத்த பணம் வீண். மழுங்கிய அலகு மறுநாளும் அதே வேலையைச் செய்யும். எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் பொறியிலே குழாய் ஒன்று கசியின், வண்டி சென்ற வழியெல்லாம் புல் கோடாகக் கருகிவிடும். இவற்றை வேறுபிரித்தறிபவர் திருத்துநரே.

இத்துணைப் பொறுப்புடையவர் நெடுங்காலம் வெறும் கூலியாளாகவே எண்ணப்பட்டார். ஐக்கிய அமெரிக்காவில் இத்தொழிலுக்கு வந்தோருட் பலர் மோட்டார்க் கராஜிலோ பண்ணையிலோ தாமே பழகியவர்கள். புற்றரையைப் பராமரிப்போர் அந்நாட்டின் ஒகாயோ மாநிலத்திற் கூடித் தமக்கெனத் தேசியச் சங்கம் அமைத்தது 1926ஆம் ஆண்டில். இன்று அது கோல்ப் மைதான அத்தியட்சர் சங்கம் என வழங்குகின்றது. இயந்திரங்களைப் பராமரிப்போர்க்கு அச்சங்கத்திலே தனி அங்கத்தவர் வகுப்பு ஏற்பட்டதோ 2015ஆம் ஆண்டளவிலேயே. ஒரே கொட்டிலைப் பகிர்ந்து வேலை செய்வோருக்கிடையே இத்தாமதம் நியாயமானதன்று.

சங்கம் அவர்களுக்கென வகுத்த சான்றிதழ்ப் பாடநெறி இரு நிலைகளையுடையது. பாதுகாப்பு, பெற்றோல் டீசல் எஞ்சின்கள், மின்னோட்டம், எண்ணெய் அமுக்கப் பொறிகள், அலகு தீட்டலும் சரிசெய்தலும், உதிரிப்பாகக் கணக்கு முதலியன அதில் அடங்கும். பல்லாண்டு அனுபவமுடையவரும் பரீட்சைக்கு அமரவேண்டும். கைப்பழக்கம் மட்டும் போதாது. தேறியோர் மேலும் முயன்று, சங்கம் வழங்கும் புற்றரை உபகரண முகாமையாளர் என்னும் தகுதியைப் பெறலாம். புளோரிடாவிலே லேக் சிற்றி சமுதாயக் கல்லூரியும் இத்தொழிலைத் தனிப்பாடமாகக் கற்பித்தது.

பரீட்சையினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. ஒரு மைதானத்திற் பெரும்பாலும் திருத்துநர் ஒருவரே இருப்பார். விடியுமுன் இயந்திரங்களை வெளியே அனுப்பி, முதல் வெட்டைக் குனிந்து பார்த்து, பின் கொட்டிலிலே தனித்து வேலை செய்வார். புதிய பழுதொன்று தோன்றினாற் கேட்பதற்கு அருகில் ஆளில்லை. சங்கத்தின் வருடாந்த மாநாட்டிலும் வகுப்புகளிலும் அவர் தம்மைப் போன்றோரைச் சந்திக்கின்றார். ஒருவர் தாம் கண்ட பழுதையும் அதனைத் திருத்திய விதத்தையும் கூற, மற்றையோர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர்.