படத்தைப் படிக்கத் தெரியுமா?

வெளிநாட்டில் படிக்க விரும்புவோர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ்., அகாடமிக் தேர்வில், சில சமயம் ஓர் உணவுப்பொருள் தயாராகும் படத்தைக் கொடுத்து, ஆங்கிலத்தில் விவரிக்கச் சொல்வர். சுமார் 20 நிமிடத்தில், குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும்.

கரும்பு சர்க்கரையாகும் படத்தை, ஒருமுறை என் வகுப்பில் கொடுத்தேன். கெட்டிக்கார மாணவன் ஒருவன், 'சர்க்கரை இனிக்கும்; அதிகம் தின்றால் பல் கெடும்' என்று பக்கத்தை நிரப்பினான். உண்மைதான், ஆனால், அது படத்தில் இல்லையே! மதிப்பெண் குறைந்தது, அவன் முகம் வாடியது. படத்தைப் படிக்கச் சொல்லித் தராதது என் தவறுதான்.

முதலில், அம்புக்குறி எங்கே தொடங்கி, எங்கே முடிகிறது என்று பாருங்கள். மொத்தம் எத்தனை படிகள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு, வரிசையாக எழுதுங்கள்:

* கரும்பு பிழியப்படுகிறது.
* சாறு, சுண்ணாம்பு சேர்த்துச் சுத்தமாக்கப்படுகிறது.
* காய்ச்சி, பாகாக்கப்படுகிறது.
* பாகில் சர்க்கரைப் படிகங்கள் உருவாக்கப்படுகின்றன.
* இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, படிகங்கள் தனியே பிரிக்கப்படுகின்றன.
* கடைசியில், சர்க்கரை உலர்த்தப்படுகிறது.

எல்லாமே 'படுகிறது', 'படுகின்றன' என முடிவதைக் கவனித்தீர்களா? யார் பிழிந்தார் என்பது முக்கியமல்ல. என்ன நடந்தது என்பதே முக்கியம். ஆங்கிலத்தில் இதுதான், 'பாசிவ் வாய்ஸ்!' 'த கேன் இஸ் க்ரஷ்ட்' என்று எழுதுங்கள். படிகளை இணைக்க, 'ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபைனலி' போதும்.

இட்லி தயாராவதைப் படமாக வரைந்து, இன்றே எழுதிப் பாருங்கள். படத்தில் இல்லாததை மட்டும் எழுதாதீர்கள்!